கேட்டெழுதும் கல்வியும் கட்டுரைப் பயிற்சியும்: பழுகாமத்தை முன்வைத்து ஒரு நோக்கு

1

பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வரும் மாணாக்கருக்குத் தமிழில் ஒழுங்காக எழுத வரவில்லை என்னும் முறைப்பாடு விரிவுரையாளர் கூடுமிடமெங்கும் கேட்கின்றது. விடைத்தாள் திருத்தும் காலங்களில் அது உச்சத்தை அடையும். ஒற்றுப் பிழை, எழுவாய் பயனிலை இயைபின்மை, முடிவுறாத வாக்கியம், குறிப்பேட்டிலிருந்து அப்படியே இறக்கிவைத்த பந்திகள் ஆகியன சான்றாகக் காட்டப்படும். ஈற்றில் 'தரம் வீழ்ந்துவிட்டது' என்னும் தீர்ப்போடு உரையாடல் முடியும். அம் மாணாக்கருக்கு எழுதக் கற்பித்தவர் யார், எப்போது, எத்தனை மணித்தியாலம் என்று தீர்ப்பு வழங்குவோர் வினவுவதில்லை. இக்கட்டுரை அவ்வினாவிலிருந்தே தொடங்குகின்றது.

வினாவை அந்தரத்தில் நிறுத்தாது ஓர் இடத்தில் ஊன்றி நோக்குதல் நன்று. மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில், போரதீவுப்பற்றிலுள்ள பழுகாமத்தை எடுத்துக்கொள்வோம். வயலும் வாவியும் சூழ்ந்த ஊர் அது. திரௌபதை அம்மன் வழிபாட்டோடு பாரதக் கதையும் தீமிதிப்பும் அங்கு மக்கள் வாழ்வில் கலந்துள்ளன. அது அமைந்த பிரதேசம் கூத்து மரபு வேரூன்றிய பிரதேசம். படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை போரின் நேரடிப் பிடியில் இருந்தமையையும் மறத்தலாகாது. இத்தகைய ஊரொன்றிலிருந்து, தன் குடும்பத்தில் முதலாவதாகப் பல்கலைக்கழகம் புகும் மாணவி ஒருத்தியை மனங்கொண்டே மேல்வரும் பகுதிகள் எழுதப்படுகின்றன. அவளைத் தனிநபராகக் கொள்ளாது ஒரு வகைமாதிரியாகக் கொள்ளுமாறு வாசகரை வேண்டுகின்றோம்.

2

இம் மாணவி பல்கலைக்கழகத்துள் வந்தமை ஒரு வரலாற்றின் விளைவு. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், படிப்படியாகப் பாடசாலைகளில் நிலைபெற்ற தாய்மொழிப் போதனையும், 1960 களின் தொடக்கத்தில் கலைத்துறைப் பட்டப்படிப்பு தாய்மொழிக்கு மாறியமையும் அவளுக்கு வழி திறந்தன. 1970 களில் புகுத்தப்பட்ட தரப்படுத்தல் தமிழ் மாணாக்கருக்கு இழைத்த அநீதி பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. அவ்வாண்டுகளிலேயே வந்த மாவட்ட ஒதுக்கீடு மட்டக்களப்பு போன்ற வசதி குறைந்த மாவட்டங்களுக்குச் சில வாயில்களைத் திறந்தது என்பதும் உடன் கூறப்படவேண்டிய உண்மையாகும். 1981 இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம் 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. உயர்கல்வி வாவிக்கரைக்கே வந்து சேர்ந்தது.

வாயில் திறந்தபோது உள்ளே நிகழ்ந்த மாற்றம் போதிய கவனத்தைப் பெறவில்லை. 1942 இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம் சிறுதொகை மாணாக்கருக்கென அமைந்தது. ஆங்கிலக் கல்லூரிகளிலும் வசதி படைத்த வீடுகளிலும் வாசிப்பும் கட்டுரைப் பயிற்சியும் பெற்றவர்களே அதனுள் பெரும்பாலும் புகுந்தனர். அவர்களுக்கு எழுதக் கற்பிக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. அவர்தம் வர்க்கம் அதனை ஏற்கனவே கற்பித்திருந்தது. மாணாக்கர் தொகை பெருகி மொழியும் மாறியபோது, அந்த மறைமுகப் பயிற்சியின் இடத்தை வெளிப்படையான பயிற்சி ஒன்று நிரப்பியிருத்தல் வேண்டும். அது நிகழவில்லை. தமிழில் நூல்கள் போதாமையால் விரிவுரையே நூலாயிற்று. விரிவுரையாளர் சொல்ல மாணாக்கர் எழுதுவது போதனா முறையாயிற்று. மிகக் குறைந்த செலவில் மிகப் பலருக்குப் பட்டம் வழங்கத்தக்க உற்பத்திக் கருவி குறிப்பேடு ஒன்றே.

பாடசாலையிலும் நிலைமை வேறன்று. க. பொ. த. உயர்தர வகுப்பு முடியும்வரை நமது மாணவி ஆயிரக்கணக்கான பக்கங்களை எழுதியிருப்பாள். அவற்றுட் பெரும்பாலானவை கரும்பலகையைப் பார்த்தோ ஆசிரியர் சொல்லக் கேட்டோ எழுதியவை. முன்னுரையும் முடிவுரையும் ஆயத்தமாகத் தரப்பட்ட மாதிரிக் கட்டுரைகளை அவள் மனனஞ் செய்திருப்பாள். தான் கண்டதொன்றைத் தன் வாக்கியத்தில் நிறுவி, அதனை மறுப்பவருக்கு விடையிறுத்து, மீள எழுதிச் செப்பனிடும் வாய்ப்பு அவளுக்குக் கிட்டியிராது.

புதுமுக மாணாக்கருக்கு ஆங்கிலத் தீவிரப் பயிற்சி தேவை என்பதை நமது பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்டுள்ளன. தாய்மொழியில் ஆய்வுநெறிப்பட்ட எழுத்தோ பிறப்போடு வந்துவிடும் என்பது சொல்லப்படாத எடுகோள். பேச்சு அவ்வாறு வரலாம். உரைநடை வருவதில்லை. சந்தி பிரித்தும் நிறுத்தற்குறியிட்டும் சிறுவருக்கெனப் பாலபாடங்களை ஆக்கிய ஆறுமுக நாவலர் இதனை 19ஆம் நூற்றாண்டிலேயே உணர்ந்திருந்தார். அவரது சமூக நோக்கோடு நாம் உடன்படாதிருக்கலாம். உரைநடை கற்பிக்கப்படவேண்டியது என்னும் அவரது நடைமுறை அறிவைப் புறந்தள்ளுதல் இயலாது.

3

பொதுநிலையில் கூறியதை வாக்கிய நிலையில் சோதித்துப் பார்ப்போம். விளக்கத்தின்பொருட்டு இரு வாக்கியப் பகுதிகளை இங்கு அமைத்துக்கொள்வோம். விடைத்தாள் திருத்திய எவருக்கும் இரண்டும் அந்நியமாகத் தோன்றா.

முதலாவது: 'மட்டக்களப்பில் நெல் பெருமளவில் உற்பத்தி செய்யப்படுகின்றது. எனவே இது இம்மாவட்ட மக்களின் வாழ்வாதாரமாகக் கருதப்படுகின்றது.'

இரண்டாவது: 'மழை பிந்தியதால் விதைத்த வயல் கருகிக் கடன் வாங்கியவர்கள் நகையை அடகு வைத்துப் பிள்ளைகளின் படிப்பு நின்றது.'

முதலாவதில் இலக்கணப் பிழை யாதும் இல்லை. அது புள்ளி பெறும். இரண்டாவதில் எச்சந்தோறும் எழுவாய் மாறுகின்றது. வயல் கருகுகின்றது, வாங்கியவர்கள் அடகு வைக்கின்றனர், படிப்பு நிற்கின்றது. மூன்றும் ஒரே முற்றுவினையில் திணிக்கப்பட்டுள்ளன. அதன்மேல் சிவப்பு மை பாயும்.

இனிப் பொருளை நோக்குவோம். முதலாவது வாக்கியத்தில் நெல்லை உற்பத்தி செய்பவர் எவருமிலர். வட்டையிற் காவலிருக்கும் முல்லைக்காரனும், நாற்கூலிக்கு வரும் பெண்களும், நிலத்துக்குரிய போடியாரும், கடன் கொடுத்தவரும் செயப்பாட்டு வினையொன்றினுள் மறைந்துவிட்டனர். 'கருதப்படுகின்றது' என்றவிடத்துக் கருதுபவர் யார் என்பதும் இல்லை. 'எனவே' என்னும் சொல் எந்த அனுமானத்தையும் சுட்டாது கட்டுரையின் ஆபரணமாக நிற்கின்றது. வயலின் உழைப்பு உறவுகளை வீட்டிலும் வரம்பிலும் கண்டு வளர்ந்த மாணவி, எழுத்துக்கு வந்ததும் தான் அறிந்ததை அறியாதவள்போல எழுதக் கற்றுக்கொண்டுள்ளாள். கருத்துநிலை வாக்கிய அமைப்பினூடாகத் தொழிற்படுவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது வாக்கியத்திலோ ஒரு சிந்தனை உண்டு. மழையிலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து கடனுக்கும், கடனிலிருந்து கல்விக்கும் செல்லும் காரணச் சங்கிலியொன்றை அது பற்றிப்பிடிக்க முயல்கின்றது. பேச்சில் குரலின் ஏற்ற இறக்கமும் கேட்பவரின் 'ம்' கொட்டலும் அச்சங்கிலியைத் தாங்கும். தாளில் அத் துணைகள் இல்லை. அவற்றின் வேலையை வாக்கிய எல்லையும் இணைப்புச் சொல்லும் செய்தல் வேண்டும். 'மழை பிந்தியது, விதைத்த வயல் கருகியது. கடன்பட்டுச் செய்தவர்கள் அதனை அடைக்க நகையை அடகு வைத்தனர். அதுவும் போதாதபோது பிள்ளைகளின் படிப்பு நின்றது.' இத் திருத்தத்தை மாணவியோடு அமர்ந்து செய்ய அரை மணித்தியாலம் போதும். அந்த அரை மணித்தியாலம் நமது கல்வி முறையில் எங்கும் இல்லை.

சிந்தனையற்ற வாக்கியத்துக்குப் புள்ளியும் சிந்தனையுள்ள வாக்கியத்துக்குச் சிவப்பு மையும் கிடைக்குமாயின், மாணவி எதனைத் தெரிவாள் என்பது வெளிப்படை. 'தரவீழ்ச்சி' எனப்படுவது பெருமளவுக்கு இத் தெரிவின் விளைவே.

4

இதற்கு இருவகைப் பரிகாரங்கள் வழமையாகக் கூறப்படுகின்றன. ஒன்று பண்டிதமரபினருடையது: நன்னூலை மீண்டும் கற்பித்தால் எல்லாம் சீராகும் என்பது. மாணவியின் பேச்சுமொழி பிழையின் ஊற்று என்னும் எண்ணம் இதன் அடியில் உள்ளது. தமிழின் பேச்சு வழக்குகளுள் எழுத்துத் தமிழுக்கு மிக அண்மையது மட்டக்களப்புத் தமிழே எனக் கமில் சுவலபில் 1960 களில் எடுத்துரைத்தார். அது உண்மையாயின், எழுத்து வழக்குக்கு மிக நெருங்கிய பேச்சையுடைய மாணாக்கரும் கட்டுரை எழுத இடர்ப்படுகின்றனர் என்பது எதனைக் காட்டுகின்றது? இடர்ப்பாட்டின் காரணத்தைப் பேச்சுவழக்கிற் காணவியலாது, பயிற்சியின்மையிலேயே காணவேண்டும்.

மற்றது நம்மவருடையது. முற்போக்காளர் சிலர், மக்கள் மொழியே உயிருள்ள மொழி, இலக்கணத் தூய்மை மேட்டிமையின் அடையாளம், எனவே திருத்தாது விடுக என்பர். இக்கூற்றில் மக்கள்மீதான அன்பு உண்டு. அரசியல் தெளிவு இல்லை. இத்தாலியில் 1923 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தை விமர்சித்த கிராம்ஷி, முறைசார்ந்த இலக்கணத்தைப் பாடசாலை கைவிடுமாயின் பாதிக்கப்படுவோர் உழைக்கும் மக்களின் பிள்ளைகளே என்று சுட்டினார். ஆளும் வர்க்கத்தின் பிள்ளைகள் அதனை வீட்டிலேயே பெற்றுக்கொள்வர். மக்கள் மொழியைப் போற்றும் கட்டுரைகளை நாம் செம்மையான எழுத்துத் தமிழிலேயே எழுதுகின்றோம் என்பதும் சிந்திக்கத்தக்கது. நமக்குள்ள கருவியை மாணவிக்கு மறுக்க நமக்கு உரிமையில்லை.

இவ்விரண்டுக்கும் அப்பாலான வழி பிற நாட்டு அனுபவமொன்றிற் புலப்படுகின்றது. நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் 1970 இல் நகரின் உயர்நிலைப் பள்ளிகளில் தேறிய அனைவருக்கும் அனுமதியைத் திறந்தபோது, வறிய கறுப்பின, புலம்பெயர் குடும்பங்களின் பிள்ளைகள் பெருந்தொகையாக வந்தனர். அவர்களுக்கான ஆயத்த எழுத்துப் பாடநெறியில் ஈடுபட்ட மினா ஷோனெசி ஏறத்தாழ நாலாயிரம் விடைத்தாள்களை ஆராய்ந்து 1977 இல் நூலொன்று வெளியிட்டார். பிழைகள் தற்செயலானவை அல்ல, அவற்றுக்கு உள்ளார்ந்த ஒழுங்குண்டு, அவ்வொழுங்கை ஆசிரியர் கற்றாலன்றி மாணாக்கருக்குக் கற்பிக்கவியலாது என்பது அவர் கண்ட முடிவு. மேலே இரண்டாவது வாக்கியத்தை நாம் வாசித்த முறை அதற்கு நெருங்கியது. திறந்த அனுமதியும் எழுத்துப் பயிற்சியும் அங்கு ஒரே கொள்கையின் இரு கூறுகளாயின. நாமோ முதற்கூறோடு நின்றுவிட்டோம்.

5

ஆயத்தக் கட்டுரைப் பாடநெறி எவ்வாறு அமையலாம்? அதற்கான வளங்கள் இம்மண்ணிலேயே உள்ளன.

மட்டக்களப்பில் ஒரு கூத்து ஒரே இரவில் அரங்குக்கு வருவதில்லை. சட்டம் கொடுத்தல், ஆட்டம் பழகுதல், கிழமைக்கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் எனப் படிகள் பல கடந்தே அரங்கேற்றம் நிகழும். இடையில் ஊரவர் கூடிக் குறை கூறுவர், அண்ணாவியார் திருத்துவார், ஆடுவோர் மீண்டும் ஆடுவர். முதல்நாள் பிழைவிட்டவனை ஆடத் தகுதியற்றவன் என எவரும் ஒதுக்குவதில்லை. கூத்து மரபினுள்ளும் போடிமாரின் செல்வாக்கும் சாதிப் படிநிலையும் இருந்தமையை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் பயிற்றும் முறை என்னும் அளவில், முதல் வரைவையே இறுதி ஆக்கமாகக் கொண்டு புள்ளியிடும் நமது முறையிலும் அது நுண்ணியது. வரைவு, சகமாணாக்கர் வாசிப்பு, திருத்தம், மீள்வரைவு என்னும் படிகளைப் படுவான்கரை மாணவிக்கு விளக்க அண்ணாவியாரை நினைவூட்டினாற் போதும்.

வாசிப்புக்கு உரைமரபு துணைசெய்யும். பிறர் கருத்தை முன்வைத்து, 'என்பாரும் உளர்' எனத் தன் கருத்தினின்று பிரித்து, காரணங்காட்டி மறுக்கும் முறையை உரையாசிரியர்கள் நுட்பமாக வளர்த்தனர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரைகண்ட சேனாவரையர் இளம்பூரணரை மறுக்குமிடங்கள் ஆய்வுரைக்கு நல்ல பாடங்கள். குறிப்பேட்டில் விரிவுரையாளர் குரலும் நூலாசிரியர் குரலும் மாணவியின் குரலும் ஒன்றாகிவிடுகின்றன. ஒரு குறுங்கட்டுரையை மும்முறை வாசித்து, ஆசிரியர் கூறுவது யாது, எதனை ஆதாரமாகக் கொள்கிறார், யாரை மறுக்கிறார் என நூறு சொற்களில் எழுதும் பயிற்சி அக்குரல்களைப் பிரிக்கும்.

எழுத்துப் பணிகளும் அறிந்ததிலிருந்து தொடங்கவேண்டும். விதைப்பு முதல் சூடடிப்பு வரை ஒரு போகத்தில் நிகழ்பவற்றை அதை அறியாத ஒருவருக்கு விளக்குதல் முதற்பணியாகலாம். அவ்விளக்கத்தின் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'யார் செய்கிறார்?' என வினவித் திருத்துதல் இரண்டாவது. ஊரின் வேளாண்மை பற்றி அச்சில் வந்த கட்டுரையொன்றைத் தன் அனுபவத்தோடு ஒப்பிட்டு உடன்பட்டோ மறுத்தோ எழுதுதல் மூன்றாவது. இலக்கணம் இங்கு விலக்கப்படுவதில்லை. தேவை எழும் இடத்தில், எழும் வேளையில், பெயர்சுட்டிக் கற்பிக்கப்படும்.

6

இறுதியாக ஒன்று. இது நல்லெண்ணத்தால் மட்டும் நிறைவேறுவதன்று. இருநூறு மாணாக்கர் வாரம் ஒரு கட்டுரை எழுத, ஒன்றுக்குக் கால் மணித்தியாலம் செலவிட்டால் ஐம்பது மணித்தியாலம் வேண்டும். இவ்வுழைப்பைத் தற்காலிக உதவி விரிவுரையாளரின் தோளில் ஏற்றிவிட்டு, பதவியுயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் எண்ணும் நிறுவனம், எழுத்துப் பயிற்சியைக் கீழான வேலையாகவே வைத்திருக்கும். பாடநெறிக்கு நிரந்தர ஆளணியும், சிறு வகுப்புகளும், கற்பித்தலுக்குரிய மதிப்பும் கோரப்படவேண்டும். அக்கோரிக்கையை இலவசக் கல்விக்கான போராட்டத்தின் தொடர்ச்சியாகவே நாம் கொள்ளவேண்டும்.

தமிழ் இலக்கியத் திறனாய்வில் நாம் நெடுங்காலமாக 'இது யாருக்காக எழுதப்பட்டது?' என வினவி வந்துள்ளோம். நமது வகுப்பறைகளை நோக்கி 'எழுதக் கற்பிக்கப்படுபவர் யார்?' என்றும் வினவுதல் கடன். பழுகாமத்து மாணவி, நெல் உற்பத்தி செய்யப்படுகின்றது என்று எழுதுவதை விடுத்து, அதனை விளைவிப்பவர் இன்னார், விளைந்தபின் அதனைக் கொண்டுசெல்பவர் இன்னார் எனப் பிழையற்ற தமிழில் எழுதும் நாளில்தான் அவளுக்குத் திறந்த வாயில் உண்மையில் திறந்ததாகும் என்பது இக்கட்டுரையின் துணிபு.