இழுத்துப் பிடிக்கும் கை

எண்டோஸ்கோப் வழியே இரைப்பைக் கட்டியை எடுக்கும் மருத்துவருக்கு உள்ளே ஒரு கைதான் உண்டு. ஆட்டுத்தோல் உரிப்பவர்கூட இடக்கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் வலக்கைக் கத்தியை ஓட்டுகிறார். குழாயின் நுனியில் இருப்பதோ கத்தி மட்டும். அந்த இடக்கைக்கு ஈடாக வந்தவையே இழுவை முறைகள்.

கட்டியைத் துண்டாக்காமல் அடியோடு உரித்தெடுக்கும் இந்தச் சிகிச்சையைச் சுருக்கமாக ஈஎஸ்டி என்பார்கள். 1990-களின் பிற்பகுதியில் ஜப்பானில் உருவானது. கட்டியைச் சுற்றிப் புள்ளியிட்டு, அடியில் நீலச் சாயம் கலந்த திரவத்தை ஊசியால் செலுத்தினால் அந்த இடம் கொப்புளம்போல் எழும்பும். சுற்றிலும் வெட்டியபின் நீலப் படலத்தை அறுத்துக்கொண்டே போக வேண்டும். அதற்குக் கீழே வெள்ளையாகத் தெரிவது தசை; கத்தி அதில் இறங்கினால் ஓட்டை விழும். சற்று நேரத்தில் திரவம் வடிந்துவிடும், வெட்டிய விளிம்பு மடிந்து கண்ணை மறைக்கும். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

செலவில்லாத முறை புவியீர்ப்பு. நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தால் கட்டி தன் எடையால் தொங்கி விலகும். குழாயின் நுனியில் மாட்டும் கண்ணாடி போன்ற மூடியும் விளிம்பை நெம்பிக் கொடுக்கும். பல கட்டிகளுக்கு இவை இரண்டே போதும்.

அடுத்தது நூல் மரபு. பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை ஒரு கிளிப்பின் காலில் கட்டி, அந்தக் கிளிப்பைக் கட்டியின் விளிம்பில் கவ்வவிடுவார்கள். நூல் குழாயை ஒட்டியே வாய்வழி வெளியே வரும். உதவியாளர் மெல்ல இழுத்தால் போதும், நீலப் படலம் விரிந்து தெரியும். ஜப்பானில் 640 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில் இரைப்பைக் கட்டிகளுக்கு மொத்த நேரம் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் இரைப்பையின் வெளிப்புற வளைவான பெருவளைவில், அதன் மேல், நடுப்பகுதிகளில் 104 நிமிட வேலை 57 நிமிடத்தில் முடிந்தது. காரணம் திசை. நூல் எப்போதும் வாயை நோக்கித்தான் இழுக்கும். அந்த இழுப்பு எந்த இடத்தில் கட்டியை மேலே தூக்குகிறதோ அங்கேதான் பலன். நேர்க்குழாயான உணவுக்குழாயில் இந்தத் தடை குறைவு.

இதே சிகிச்சை பெருங்குடலுக்கும் உண்டு. அங்கே வலப்பக்கத்தில் கட்டி இருந்தால், நூல் கட்டுவதற்காகக் குழாயை வெளியே எடுத்து மறுபடி அவ்வளவு தூரம் செலுத்துவது பெரும்பாடு. அதனால் உள்ளுக்குள்ளேயே இழுக்கும் வழிகள் பிறந்தன. ஜப்பானியர் கிளிப்போடு சிறு சுருள்வில்லைச் சேர்த்தனர். பிரான்சின் லியோன் நகர மருத்துவர்கள் ஒரு ரப்பர் வளையத்தின் ஒரு பக்கத்தைக் கட்டியிலும் மறுபக்கத்தை எதிர்ச்சுவரிலும் கிளிப்பால் மாட்டினார்கள். குடலைக் காற்றால் விரித்தால் இழுவை கூடும். எளிமையில் இதை விஞ்சுவது கடினம். காந்தம், இரட்டைக் குழாய் முதலியவை திறமையானவை என்றாலும் அன்றாடப் பழக்கத்துக்கு வரவில்லை.

அளவுக்கு மீறி இழுத்தால் தசையும் கூடாரம்போல் எழுந்து கத்திக்கு எதிரே வந்துவிடும். தரத்தை நேரத்தால் மட்டும் அளப்பதும் தவறு. எடுத்த திசுவைப் பலகையில் ஊசிகளால் விரித்துக் குத்தி, ஃபார்மலினில் ஊறவைத்து, மெல்லிய கீற்றுகளாக அரிந்து பார்க்கிறார்கள். ஒரே துண்டாக வந்ததா, விளிம்பும் அடியும் சுத்தமா, இரைப்பையானால் புற்று சளிச்சவ்வுக்கு அடியில் அரை மில்லிமீட்டரைத் தாண்டாமல் நின்றதா என்பவையே தீர்ப்பு.

ஜப்பானிலும் தென்கொரியாவிலும் இரைப்பைப் புற்றுக்கு அரசே பரிசோதனைத் திட்டம் நடத்துவதால் இத்தகைய ஆரம்பக் கட்டிகள் நிறையக் கிடைக்கின்றன. இந்தியாவில் அப்படியொரு திட்டம் இல்லை. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்க்கும் ஒருவர் வயிற்றெரிச்சலை மருந்துக்கடை மாத்திரையிலேயே ஓட்டிவிட்டு, சாப்பாடு இறங்காத நிலையில் கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகும்போது கட்டி தசைக்குள் இறங்கியிருந்தால், நூலுக்கும் வளையத்துக்கும் அங்கே வேலையில்லை. அடுத்து வயிற்றைத் திறப்பதா, கீமோவா என்பதுதான் பேச்சு.