தானே ஒளிரும் புள்ளி

கோபாலபுரம் சோதனைச் சாவடியைக் கடக்கும் லாரிகளின் ரேடியம் ஸ்டிக்கர், பின்னால் வரும் வண்டியின் விளக்கு பட்டால்தான் மினுங்கும். கைத்துப்பாக்கியின் குறிபார்க்கும் சைட்டில் பதித்த டிரிட்டியம் குப்பிக்கு அந்தக் கடன் வெளிச்சம் வேண்டாம். சின்னஞ்சிறு கண்ணாடிக் குழல், உட்சுவரில் பாஸ்பர் பூச்சு, நடுவே டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் வாயு. அணு சிதைந்து கிளம்பும் எலக்ட்ரான் பூச்சில் மோத, பச்சையாக ஒளிர்கிறது. பேட்டரியும் இல்லை, சுவிட்சும் இல்லை! எலக்ட்ரான் கண்ணாடியைத் தாண்டாது என்பது இன்னும் அழகு.

டிரிட்டியத்தின் அரைவாழ்வு 12.3 ஆண்டு. பூச்சும் சோர்வதால் ஒளி அதற்கு முன்பே பாதியாகிவிடும். வாயுவை மறுபடி நிரப்ப வழியில்லை; குப்பியையோ சைட்டையோ மாற்ற வேண்டும். சைட்டைக் கழற்றும்போது சுத்தியலால் தட்டினால் குப்பி உடையலாம், திருகித் தள்ளும் கருவிதான் நல்லது.

இதே டிரிட்டியம், 1983இல் இயங்கத் தொடங்கிய கல்பாக்கம் அணு உலையின் கனநீரில், அழையா விருந்தாளியாகச் சேர்ந்தது.