பற்று: ஒரு சொல்லாய்வு

சங்க மேடைகளில் ‘மொழிப்பற்று’ என்ற சொல் தவறாமல் வரும். பெரும்பாலும் குறை சொல்லவே வரும். “மலையாளப் பள்ளியில் படிக்கிற நம்ம பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பற்று இல்லை” என்பார்கள். இப்படிப் பேசுவோர் அச்சொல்லை முழுதும் எண்ணிப் பார்க்கவில்லை என்பது என் கருத்து.

பற்று என்பதன் அடிப்பொருள் ஒட்டுதல். விறகில் தீப் பற்றுகிறது. தட்டார் நகையை இணைக்க வைப்பது பற்றாசு. தலைவலிக்கு நெற்றியில் போடுவது பத்து. சோறு ஒட்டிய பாத்திரம் பத்துப் பாத்திரம். காசு ‘பத்தலை’ என்பதும் பற்றவில்லை என்பதே. மட்டக்களப்பில் மண்முனைப்பற்று, கோறளைப்பற்று என்று நிலப்பிரிவுக்கே அது பெயர்.

சக்குபள்ளத்தில் மலையாளத்தார் கடையிலும் ‘பற்றுவரவு’தான். ‘எந்து பற்றி?’ என்றால் என்ன நேர்ந்தது என்று பொருள். ‘பற்றில்ல’ என்றால் முடியாது. நாம் பேச்சில் ‘பத்து’ என்று மழுக்கிவிட்ட இரட்டை றகரத்தின் பழைய ஒலி அவர்கள் வாயில் நிற்கிறது. 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. சொல்லுக்கு யாரும் எல்லைக்கல் நடவில்லை. பிறகு பிள்ளைகள் மலையாளம் பேசுவது எப்படிக் குற்றமாகும்?

குறளில் துறவு அதிகாரத்தின் கடைசிப் பாட்டில் (350) இச்சொல் ஆறு முறை வருகிறது. பற்றை விடுவதற்கும் ஒரு பற்று வேண்டும் என்பது அதன் கருத்து. எங்கள் சமணமோ பற்றையும் செற்றத்தையும் இரட்டையாகவே சொல்லும். ஒன்று ஏறினால் மற்றது கூடவே ஏறும் என்று எச்சரிக்கும். அண்டைமொழியை இழித்துப் பேசுவது பற்றன்று, செற்றம்.

ஏலக்காய் வியாபாரியாகிய எனக்கு முதலில் தெரிந்தது பேரேட்டுப் பற்று. சரக்கு எடுத்தவன் பேரில் எழுதுவது பற்று. அவன் திருப்பித் தந்தது வரவு. அந்தக் கணக்குப்படி மொழிப்பற்று என்பது மொழியிடம் நாம் எடுத்த கடன். தமிழெழுத்தே சொல்லிக்கொடுக்காத தகப்பன் பிள்ளையிடம் தமிழ்ப்பற்றைக் கேட்பது, சரக்குக் கொடுக்காமலே பற்று எழுதுவது போலத்தான். எந்த நேர்மையான கடைக்காரனும் அதைச் செய்யமாட்டான்.

ஆகவே அன்பர்களே, மாலையில் அரைமணி நேரம் பிள்ளையை உட்காரவைத்து அகரம் எழுதச் சொல்வோம். குறை சொல்வதெல்லாம் அப்புறம்.