டேப்பட் இடைவெளி: மூன்று பழைய வண்டிகள்

வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் உறுப்புக்கும் நடுவே மயிரிழை போன்றதோர் இடைவெளி இருந்தாக வேண்டும் என்பதும், அது மிகுந்தால் என்ஜின் கடகடத்துச் சக்தி குன்றும் என்பதும், அற்றுப்போனாலோ வால்வு தன் பீடத்தில் முழுதும் அமராமல் கம்ப்ரெஷன் கசிந்து எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பே கருகிவிடும் என்பதும் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் அறிந்த விஷயமே. ஆனால் அந்த இடைவெளியைத் திருத்த ஒவ்வொரு நிறுவனமும் வகுத்த மார்க்கம் வேறு. அவற்றுள் மூன்றை என் கையாலேயே செய்து பார்த்ததில் உண்டான அபிப்பிராயத்தை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட் 350-இல் திருத்தும் இடம் மேலே ராக்கரில் இல்லை. சிலிண்டரின் வலப்புற அடியில், ஒரே நட்டால் பிடிக்கப்பட்ட சிறு மூடிக்குப் பின்னே, புஷ்ராடுகளின் கீழ்முனையில் இருக்கிறது. என்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கையில், பிஸ்டனைக் கம்ப்ரெஷன் முடிவில் டாப் சென்டருக்குக் கொண்டுவந்து, லாக் நட்டைத் தளர்த்தி, புஷ்ராடு விரலால் தடையின்றிச் சுழலவும் வேண்டும், மேலும் கீழுமாகச் சிறிதும் ஆடாமலும் இருக்க வேண்டும் என்ற நிலைக்கு அதை நிறுத்த வேண்டும். குளிர்ந்த நிலையில் இடைவெளி ஏறத்தாழப் பூஜ்யமே. உஷ்ணம் ஏற ஏற சிலிண்டரும் ஹெட்டும் விரிந்து, வேண்டிய இடம் தானே உண்டாகிறது. ஃபீலர் கேஜ் தேவையில்லை என்பதும், அளவை விரலின் ஸ்பரிசமே நிர்ணயிக்கிறது என்பதும் எனக்கு இன்றளவும் வியப்பையே தருகின்றன. சிரமம் இல்லாமலில்லை. எண்ணெய் வழுக்கும் அந்தக் குறுகிய இடத்தில் ஸ்பேனர்களை ஒருசேரப் பிடிக்க வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது அமைப்பு நழுவிவிடுமாதலால், இறுக்கிய பின்னும் ஒருமுறை சுழற்றிப் பார்ப்பது அவசியம்.

1959-இல் வெளிவந்த டிரையம்ப் போன்வில் டி120-இல் ராக்கரின் நுனியிலேயே திருகும் லாக் நட்டும் உண்டு. இன்லெட்டுக்கு 0.05 மில்லிமீட்டர், எக்ஸாஸ்டுக்கு 0.10. கேட்பதற்கு எளிது, ஆனால் பெட்ரோல் டாங்கிக்கு அடியில் கை நுழைவதே கஷ்டம், மேல் மூடிகளோ அதிர்வில் கழன்று வழியில் விழுந்துவிடும் என்ற அபகீர்த்தி பெற்றவை. இவற்றினும் பெரிய குறை வேறொன்று: பல்லாண்டு உழைத்த திருகின் நுனியில் குழி விழுந்திருந்தால், ஃபீலர் கேஜின் தகடு அக்குழியின் மேல் பாலமாய்க் கிடந்து, உண்மையில் மிகுந்திருக்கும் இடைவெளியைச் சரியாக இருப்பதாகவே காட்டும். தேய்ந்த திருகை மாற்றாமல் இவ்வண்டியில் அளவெடுப்பது வீண் வேலை.

சுஸூகி ஜிஎஸ்750 முற்றிலும் வேறு ஜாதி. நான்கு சிலிண்டர்கள், எட்டு வால்வுகள், மேலே இரண்டு கேம் ஷாஃப்டுகள். கேமுக்குக் கீழே கிண்ணம் போன்ற பக்கெட். அதன் தலையில் ஷிம் என்னும் வட்டத் தகடு. இடைவெளி 0.03-இலிருந்து 0.08 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். விலகினால் அதற்கென உள்ள கருவியால் பக்கெட்டை அழுத்திப் பிடித்து, பழைய ஷிம்மை எடுத்து, 0.05 மில்லிமீட்டர் படிகளாக வரும் தகடுகளில் பொருத்தமானதைத் தேர்ந்து வைக்க வேண்டும். ஒருமுறை சரியாக அமைத்தால் நெடுந்தூரம் மாறாது என்பது இதன் மேன்மை. தகடு கையிருப்பில் இல்லையெனில் வண்டி அப்படியே நிற்கும் என்பது இதன் தொல்லை. ஓர் எச்சரிக்கையும் உண்டு: வால்வு பீடத்தில் தேயத் தேய இடைவெளி இங்கே குறைந்துகொண்டே வருமாதலால் சத்தம் எழாது, ஆகையால் அமைதியாக ஓடுகிறதென்று சோதனையைத் தள்ளிப்போடலாகாது.

நெடும்பயணத்துக்கு நம்பகமானது சுஸூகியின் முறைதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் மெக்கானிக்கை நாடாமல் தன் வண்டியைத் தானே பராமரிக்க விரும்புகிறவருக்கு நான் புல்லட்டையே சிபாரிசு செய்வேன்; டிரையம்ப் மூன்றாம் இடத்துக்கே உரியது. எந்த வண்டியாயினும், இரவு முழுதும் குளிரவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன்பே மூடியைத் திறந்து பாருங்கள்.