மூக்கிலிருந்து தொடங்குங்கள்: பைப்பர் கப் மாடல் விமான கிட்

மாடல் விமான கிட் வாங்குபவர்கள் பெரும்பாலும் மோட்டாரைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். மரவேலை முடிந்து, ஃபிலிம் ஒட்டி, சக்கரமும் மாட்டியான பிறகு, "இதுக்கு என்ன மோட்டார் போடலாம்?" என்று கேட்கிறார்கள். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. பைப்பர் ஜே-3 கப் விமானத்தின் ஆறில் ஒரு பங்கு கிட்டைக் கட்டிப் பறக்கவிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: மோட்டார், புரொப்பெல்லர், பேட்டரி மூன்றையும் வாங்கி எடை போட்டுப் பார்த்த பிறகுதான் பசை பாட்டிலைத் திறக்க வேண்டும்.

இந்த அளவில் கப் கிட் போடும் கம்பெனிகள் பல உண்டு. மரத்தின் தரமும் பிளானின் தெளிவும் மாறுமே தவிர அடிப்படை அமைப்பு ஒன்றுதான். நான் கட்டியது லேசரில் வெட்டிய பால்சா, பிளைவுட் பாகங்கள் கொண்ட கிட். இங்கே சொல்வதில் பெரும்பகுதி மற்றவற்றுக்கும் பொருந்தும்.

முதலில், ஏன் கப்? பென்சில்வேனியாவில் பிராட்ஃபோர்டில் இருந்த தன் விமானத் தொழிற்சாலை 1937இல் தீக்கிரையானதும் வில்லியம் பைப்பர் அதே மாநிலத்தின் லாக் ஹேவன் ஊருக்குத் தொழிலை மாற்றினார். மஞ்சள் உடம்பில் கறுப்பு மின்னல் கோடு ஓடும் ஜே-3, 1938 முதல் 1947 வரை ஏறத்தாழ 20,000 அங்கிருந்து வெளிவந்தது. அந்தத் தலைமுறை அமெரிக்க விமானிகளில் ஏராளமானவர்கள் ஓட்டக் கற்றுக்கொண்டது இதில்தான். மாடல் கட்டுபவருக்கு இந்த வரலாற்றைவிட முக்கியமானது அதன் உருவம். நீளமான நேர் இறக்கை, தட்டையான பக்கங்கள், தாராளமான வால். பல நிஜ விமானங்களைச் சிறிதாக்கும்போது அவை நிலையாகப் பறப்பதற்காக வாலைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டியிருக்கும். கப்பில் அந்தப் பொய் தேவையில்லை. அப்படியே சுருக்கினாலும் பறக்கும்.

நிஜ கப்பின் இறக்கை நுனியிலிருந்து நுனிக்கு 10.74 மீட்டர், மாடலில் 1.79 மீட்டர். நீளம் 1.14 மீட்டர். இது வரை சாதாரண வகுத்தல் கணக்கு. எடைக்கு வரும்போதுதான் சுவாரசியம். நீளம் ஆறில் ஒன்றானால் பரப்பு 36இல் ஒன்று, எடை 216இல் ஒன்று. நிஜ கப் காலியாக 345 கிலோ, ஆள் ஏறி எரிபொருள் நிரப்பினால் அதிகபட்சம் 550 கிலோ. 216ஆல் வகுத்தால் 1.6 கிலோவும் 2.55 கிலோவும் வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே மாடல் நின்றால் அது காற்றில் கப் மாதிரியே நடந்துகொள்ளும். 2.55ஐத் தாண்டினால் வெளித்தோற்றம் கப், பறப்பது வேறு ஏதோ. என்னுடையது பேட்டரியோடு 2.2 கிலோவில் முடிந்தது. இந்த எண் தற்செயலாக வரவில்லை. ஒவ்வொரு பாகத்தையும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்ததால் வந்தது.

பால்சா ஒரே மரம்தான், ஆனால் ஒரே எடை அல்ல. உலகச் சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி ஈக்வடாரில் வளர்வது. 3 மி.மீ. தடிமன், 10 செ.மீ. அகலம், ஒரு மீட்டர் நீளம் உள்ள இரண்டு ஷீட்டுகளை எடுத்தால் ஒன்று 30 கிராமும் இன்னொன்று 60 கிராமும் இருக்கலாம். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. நகத்தால் அழுத்தினால் தெரியும்: லேசான துண்டில் நகம் பதியும், கனமான துண்டு எதிர்க்கும். லேசரில் வெட்டி வந்த ரிப்களை நாம் மாற்ற முடியாது. ஆனால் குச்சிகளாக வரும் பால்சாவைப் பிரிக்கலாம். கனமும் உறுதியும் உள்ளவை உடம்பின் முன்பாதியில் நீளவாக்கில் ஓடும் லாங்கெரான்களுக்கும் இறக்கை ஸ்பார்களுக்கும் போகட்டும். இருப்பதிலேயே லேசானவற்றை வாலுக்கென்று தனியாகக் கட்டி வையுங்கள்.

காரணம், கப்பின் மூக்கு குட்டை, வால் நீளம். சமநிலைப் புள்ளி இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 75 மி.மீ. பின்னால். அங்கிருந்து வால் முக்கால் மீட்டர் தள்ளி. பேட்டரி இருக்கக்கூடிய இடமோ ஒரு சாண் தூரம்கூட இல்லை. கிணற்று ஏற்றம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்: நீண்ட கையில் சிறிய எடை, குட்டைக் கையில் பெரிய எடை. வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் மூன்று, நான்கு கிராம் ஏற்ற வேண்டும். வாலில் எபாக்ஸி தாராளமாகப் பூசி, கனமான குச்சியில் கட்டி, எலிவேட்டர் சர்வோவையும் பின்னால் வைத்துவிட்டால், கடைசியில் மூக்கில் மோட்டாரைத் தாங்கும் பலகையான ஃபயர்வாலில் ஈயக்கட்டி ஒட்ட வேண்டியதுதான். அந்த ஈயத்துக்குப் பறக்கும் வேலை எதுவும் இல்லை. அதைத் தூக்கும் வேலை இறக்கைக்கு.

ஆகவே எலிவேட்டர், ரட்டர் சர்வோக்கள் இரண்டும் விமானி இருக்கைக்கு அடியில், அங்கிருந்து நீண்ட புஷ்ராடுகள் வாலுக்கு. பசையில் மூன்று வகை போதும். பொதுவான மூட்டுகளுக்கு வெள்ளை மரப்பசை, அவசர இடங்களுக்கு சயனோ, ஃபயர்வால், லேண்டிங் கியர் பிளாக், இறக்கை இணைப்பு ஆகிய மூன்றுக்கு மட்டும் எபாக்ஸி. நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் சயனோ கண் இமைப்பதற்குள் பிடித்துவிடும். பாகத்தைச் சரியாகப் பொருத்திப் பார்த்த பிறகே ஒரு சொட்டு விடுங்கள். லேசர் வெட்டிய ஓரங்கள் பழுப்பாகக் கருகியிருக்கும். மெல்லிய உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் வெள்ளைப் பசை நன்றாக ஊறிப் பிடிக்கும்.

இறக்கை கட்டும்போது ஒரு நுணுக்கம். பிளான் மேல் பாலிதீன் ஷீட் விரித்து, ரிப்களைக் குண்டூசியால் நிறுத்தும்போது, நுனிப் பக்கப் பின்விளிம்புக்கு அடியில் 5 மி.மீ. குச்சி ஒன்றைக் கொடுத்துத் தூக்கிவையுங்கள். இறக்கை நுனி சற்றே கீழ்நோக்கி முறுகி நிற்கும். வேகம் குறையும்போது நுனிக்கு முன்பாக நடு இறக்கை தூக்குசக்தியை இழக்கும். விமானம் ஒரு பக்கமாகச் சரியாமல் மூக்கைத் தாழ்த்தும். நிஜ கப்பிலும் இந்த முறுக்கு உண்டு. சில பிளான்களில் இது ஒரு சின்னக் குறிப்பாக மூலையில் கிடக்கிறது. என் பார்வையில் முழு பிளானிலும் அதைவிட முக்கியமான வரி இல்லை.

இனி மோட்டார். இந்த அளவு கப் கிட்டுகள் பல, மெத்தனால் எரியும் க்ளோ எஞ்சினை மனதில் வைத்து வரையப்பட்டவை. ஃபயர்வாலுக்கு முன்னால் எஞ்சின் தாங்கும் கட்டைகள், பின்னால் எரிபொருள் டேங்குக்கு இடம். எலெக்ட்ரிக் போடுவதானால் அந்தக் கட்டைகளை ஒட்டவே வேண்டாம். நான்கு அலுமினியத் தூண்களில் மோட்டாரை நிறுத்தி, டேங்க் இருக்க வேண்டிய அறையைப் பேட்டரிக்குக் கொடுக்கலாம். க்ளோ எஞ்சின் புகையோடு எண்ணெயையும் கக்கும். நாளாக ஆக அது மரத்துக்குள் ஊறும். எலெக்ட்ரிக்கில் அந்தத் தொல்லை இல்லை. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினின் குரல்தான் இழப்பு. அது பெரிய இழப்பு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கப்புக்கு அந்தத் தாளம் அழகு.

எவ்வளவு சக்தி வேண்டும்? நிஜ கப்பில் 65 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின். அதாவது சுமார் 48,500 வாட். எடை 216இல் ஒன்றாகவும் வேகம் ஆறின் வர்க்கமூலத்தில் ஒன்றாகவும் குறைவதால், சக்தியை ஏறத்தாழ 529ஆல் வகுக்க வேண்டும். விடை 92 வாட். புரொப்பெல்லர் தண்டில் 92 வாட் இருந்தால் மாடல், நிஜ கப் ஏறும் அதே நிதானத்தோடு ஏறும். சிறிய இறக்கை காற்றில் கொஞ்சம் திறன் இழக்கும், எதிர்காற்று வரும், நாம் தப்பும் செய்வோம். ஆகவே மூன்று மடங்கு வைத்துக்கொள்ளலாம். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்து, பேட்டரியிலிருந்து எடுப்பதாகக் கணக்கிட்டால் 400 வாட். இதற்கு மேல் போடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். கப் செங்குத்தாக ஏறுவதைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

வாட்டைவிடப் பெரிய முடிவு, அதை எந்த அளவு புரொப்பெல்லர் வழியாகச் செலவிடுவது என்பது. வோல்ட் ஒன்றுக்குச் சுமையில்லாமல் எத்தனை சுற்று என்பதைச் சொல்லும் எண்தான் கே.வி. 1,100 கே.வி. மோட்டாரில் 10 அங்குலப் புரொப்பெல்லரைப் போட்டும் 400 வாட் எடுக்கலாம். ஆனால் கப்பின் மூக்கு அகலம். சிறிய புரொப்பெல்லர் தள்ளும் காற்றில் பெரும்பங்கு அந்த மூக்கிலேயே மோதி வீணாகும். நான் போட்டது 650 கே.வி. அவுட்ரன்னர், 4 செல் லிப்போ பேட்டரி, 13×6 புரொப்பெல்லர். தரையில் வாட் மீட்டர் 28 ஆம்பியர் காட்டியது, சுற்று நிமிடத்துக்கு 7,500 பக்கம். 6 அங்குல பிட்ச்சோடு, அதாவது ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரத்தோடு, பெருக்கினால் புரொப்பெல்லர் காற்றைத் தள்ளும் வேகம் மணிக்கு 68 கி.மீ. நிஜ கப் மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் மிதமாகப் போகும். அதற்கு இணையான மாடல் வேகம் 49. பொருத்தம் சரியாக அமைகிறது. நிஜ கப்பில் 72 அங்குல மரப் புரொப்பெல்லர் பொதுவாக இருக்கும், ஆறில் ஒன்று 12 அங்குலம். எலெக்ட்ரிக் மோட்டார் தரும் நல்ல பலன் இதுதான்: ஏறத்தாழ சரியான அளவுப் புரொப்பெல்லர், மெதுவான சுற்று, கண்ணுக்கும் கப் மாதிரியே தெரியும்.

50 ஆம்பியர் ஸ்பீடு கன்ட்ரோலர் தாராளம். அதைக் காற்று படும் இடத்தில் வையுங்கள். கப்பில் சிலிண்டர்கள் வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் காற்று உள்ளே வர வழி இயல்பாகவே கிடைக்கும். வெளியேறும் துளை, நுழையும் துளையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வெளியேறாத காற்று குளிர்விக்காது. 3,300 எம்.ஏ.ஹெச். பேட்டரி 350 கிராம். அதை ஃபயர்வாலை ஒட்டி முன்னால் தள்ளியதில் ஒரு கிராம் ஈயம்கூட இல்லாமல் 75 மி.மீ. புள்ளியில் விமானம் விரல் நுனியில் நின்றது. பேட்டரியை மாற்ற முன்கண்ணாடியோடு சேர்த்துக் கழற்றும் மூடி ஒன்றை நானே செய்துகொண்டேன். கிட்டில் அது கிடையாது, இது ஒரு குறை. ஒவ்வொரு முறையும் இறக்கையைக் கழற்றிப் பேட்டரி மாற்றுவது மைதானத்தில் எரிச்சலான வேலை.

ஃபிலிம் ஒட்டுவதற்குப் பொறுமை தவிர வேறு ரகசியம் இல்லை. ஆனால் நம் வெயிலில் காரில் கிடந்தால் ஃபிலிம் தொய்யும், இஸ்திரி போட்டு மீண்டும் இறுக்க வேண்டும். அப்படிச் சூடாக்கும்போது இறக்கை நுனியின் அந்த முறுக்கு போய்விடாமல் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். லிப்போவை வெயில் காரில் விடவே கூடாது. பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்திருங்கள்.

பறப்பது எப்படி? த்ராட்டிலை மெல்ல ஏற்றினால் வால் தானாக எழும். இடது பக்கம் இழுக்கும், வலது ரட்டர் கொஞ்சம். பாதித் த்ராட்டிலுக்குச் சற்று மேலே தரையை விட்டுவிடுகிறது. திரும்புவதில்தான் கப் தன் குணத்தைக் காட்டும். எய்லரானை மட்டும் கொடுத்தால் இறக்கை சாயும், மூக்கு எதிர்ப்பக்கம் போகும். கீழிறங்கும் எய்லரான் அதிகமாக இழுப்பதால் இப்படி. எய்லரான் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் போகும்படி ரேடியோவில் அமைத்து, கூடவே இடது கட்டைவிரலால் ரட்டரும் கொடுத்தால் திருப்பம் வட்டமாக, மெதுவாக, பார்ப்பவர் பேச்சை நிறுத்தும் அளவுக்கு அழகாக வரும். தானாகச் சமன் செய்யும் கைரோ ரிசீவர்கள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. இதில் போட வேண்டாம் என்பது என் கருத்து. ரட்டரைக் கற்றுக்கொள்ளத்தானே கப்? மிதமான த்ராட்டிலில் 12 நிமிடம் பறந்து இறங்கினாலும் பேட்டரியில் மிச்சம் இருக்கும்.

இது முதல் விமானம் அல்ல. ஃபோம் ட்ரெய்னர் ஒன்றில் ஏறவும் இறங்கவும் கை பழகியவருக்கு இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருக்கட்டும். எலெக்ட்ரானிக்ஸ், ஃபிலிம் எல்லாம் சேர்த்தால் கிட்டின் விலைக்கு மேல் இன்னொரு மடங்காவது ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவில் பறக்கவிடும் முன், அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் உங்கள் மைதானம் பச்சை மண்டலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பும் மஞ்சளும் அனுமதி இல்லாமல் ஆகாது. பச்சையிலும் 400 அடிதான் உச்சவரம்பு, விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையுள்ள பகுதியில் 200 அடி.

வாங்கும் முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இறக்கைக்கு அடியில் வரும் அந்த ஸ்ட்ரட் கம்பிகள் வெறும் தோற்றத்துக்கா, பாரம் தாங்கவா? என் கிட்டில் அவை பாரம் தாங்குபவை. ஆகவே ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் அவற்றின் திருகுகளை முடுக்கிப் பார்க்கிறேன். பேட்டரி இணைப்பு அதற்குப் பிறகுதான்.