தோசைக்கல்லுக்கு ஒரு தனி லைன்

டெக்சஸ் மலைநாட்டில் ஒரு ஜனவரி இரவு. ட்ரெய்லருக்குள் ரூம் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. குளிப்பதற்காக வெந்நீர் ஹீட்டரையும் போட்டிருந்தோம். மனைவி இண்டக்‌ஷன் அடுப்பில் தோசைக்கல்லை வைத்து பட்டனைத் தொட்ட கொஞ்ச நேரத்தில் எல்லாம் இருட்டு. டார்ச்சை எடுத்துக்கொண்டு தட்டுத்தடுமாறி பிரேக்கரைத் தூக்கிவிட்டேன். "தோசை வேணுமா, ஹீட்டர் வேணுமா? ஒண்ணைச் சொல்லுங்க" என்றாள். அந்த மாதமே ட்ரெய்லரின் பக்கச் சுவரில் இன்னொரு ஓட்டை போட்டேன். இரண்டு குளிர்காலம் ஓட்டிப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தப் பஞ்சம் விசித்திரமாகத் தெரியும். சென்னையில் 1500 வாட் ஹீட்டர் ஆறரை ஆம்ப் இழுத்தால் அதிகம். அமெரிக்காவில் 120 வோல்ட் என்பதால் அதே ஹீட்டருக்கு 12.5 ஆம்ப் வேண்டும். எங்கள் 24 அடி ட்ரெய்லருக்கு வருவதோ ஒரே ஒரு 30 ஆம்ப் லைன். மொத்தமே 3600 வாட். மணிக்கணக்கில் ஓடும் லோடு அதில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது எலெக்ட்ரீஷியன்களின் கணக்கு. ஆக, கைக்கு மிஞ்சுவது 24 ஆம்ப். ரூம் ஹீட்டர் 12.5, வெந்நீர் ஹீட்டர் 12, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கன்வர்ட்டர் ஒரு 5. மாவைக் கரைப்பதற்கு முன்பே 29.5 ஆகிவிட்டது. 1800 வாட் இண்டக்‌ஷன் அடுப்புக்கு இன்னும் 15 வேண்டும்.

கேம்ப்கிரவுண்டில் வண்டி நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் இடுப்புயரத்துக்கு ஒரு மின்பெட்டி நிற்கும். பெடஸ்டல் என்பார்கள். பல இடங்களில் அதில் 50, 30, 20 ஆம்ப் என மூன்று பாயின்ட்டுகள் இருக்கும். 30-இல் நம் வண்டி செருகியிருக்கும்போது பக்கத்தில் 20 சும்மா கிடக்கும். அதில் 2400 வாட் இருக்கிறது. அதை உள்ளே கொண்டுவருவதுதான் திட்டம். இப்படி வெளியிலிருந்து வண்டிக்குள் இழுக்கும் மின்சாரத்துக்கு இங்கே 'கரை மின்சாரம்' என்று பெயர். துறைமுகத்தில் நிற்கும் கப்பல் கரையிலிருந்து எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தின் பெயர் அது. தண்ணீரையே பார்க்காத ட்ரெய்லருக்கும் ஒட்டிக்கொண்டது.

வாங்கியவை: மூடி போட்ட 20 ஆம்ப் இன்லெட் ஒன்று, 12 கேஜ் ஒயரில் 50 அடி கேபிள் ஒன்று, ஒற்றை பிரேக்கர் வைக்கும் சின்னப் பெட்டி, உள்ளே ஓட்ட 12 கேஜ் கேபிள், ஒரு பிளக் பாயின்ட், ப்யூட்டில் டேப். எல்லாம் சேர்த்து 190 டாலர் ஆனது. அதில் பெரும்பங்கு வெளிக் கேபிளுக்கே போயிற்று. வீட்டில் கிடந்த 16 கேஜ் எக்ஸ்டென்ஷன் கார்டை வைத்து முதலில் கஞ்சத்தனம் செய்து பார்த்ததை ஒப்புக்கொள்கிறேன். அதுவும் 50 அடிதான். ஹீட்டரைப் போட்டு இரு முனையிலும் மீட்டர் வைத்தால் 5 வோல்ட் காணாமல் போயிருந்தது. 12.5 ஆம்பில் 5 வோல்ட் என்றால் 62 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றின் சூடு முழுவதும் அந்த கார்டில் எரிகிறது. அதைச் சுருட்டி மடித்து வைத்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 12 கேஜில் இழப்பு 2 வோல்ட். இந்த வேலையில் காசைச் சேமிக்க வேறு எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம், கேபிளில் மட்டும் வேண்டாம்.

ஓட்டை போடுவது மின் வேலையைவிடப் பதற்றமானது. பழைய 30 ஆம்ப் இணைப்புக்குப் பக்கத்திலேயே இடம் பார்த்தேன். இரண்டு கேபிளும் ஒரே பக்கம் வந்தால் நடமாட்டத்துக்கு இடைஞ்சல் இல்லை. சாப்பாட்டு மேசை பெஞ்சுக்கு அடியிலிருந்து மெல்லிய டிரில்லால் சோதனைத் துளை போட்டபோது சுவருக்குள் இருந்த சட்டத்தில் முட்டியது. இரண்டு அங்குலம் தள்ளிப் போட வேண்டியதாயிற்று. இன்லெட்டைச் சுற்றி சிலிக்கான் பூசி, வேலை முடிந்தது என்று நினைத்தேன். முதல் மழையிலேயே மேல் மூலையில் கசிந்தது. எங்கள் வண்டியின் வெளித்தகடு வரிவரியாக நெளிந்தது. அந்தப் பள்ளங்களை மெல்லிய பூச்சு நிரப்பவில்லை. எல்லாவற்றையும் சுரண்டியெடுத்து, பின்னால் தடித்த ப்யூட்டில் டேப் வைத்து இறுக்கிய பிறகு நின்றது. ட்ரெய்லரைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்தான் என்பதால் இந்தப் பத்து டாலர் டேப்புக்கு என் முழு மதிப்பெண்.

அடுத்து நான் செய்த தவறு. பெஞ்சுக்கடியில் ட்ரெய்லரின் பழைய பேனல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. புதுப் பாயின்ட்டின் நியூட்ரலை அங்கே இருக்கும் நியூட்ரல் கட்டையில் மாட்டிவிட்டால் ஒயர் மிச்சம் என்று தோன்றியது. மாட்டினேன். கேம்ப்கிரவுண்டில் ஹீட்டரைப் போட்ட கணமே 20 ஆம்ப் பாயின்ட் 'டக்' என்று விழுந்தது. மறுபடி போட்டேன், மறுபடி விழுந்தது. காரணம் சுலபம். அந்தப் பாயின்ட்டில் ஜிஎஃப்சிஐ இருக்கிறது. நம்மூர் வீடுகளில் இருக்கும் ஆர்சிசிபியின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அண்ணனைவிட முன்கோபி. அது 30 மில்லி ஆம்ப் கசிவுக்கு விழும் என்றால் இது ஐந்துக்கே விழும். போன மின்சாரம் அதே வழியில் திரும்பி வருகிறதா என்று பார்ப்பதுதான் இதன் வேலை. என் ஹீட்டருக்குப் போனதோ 20 ஆம்ப் கேபிளில்; திரும்பும்போது 30 ஆம்ப் கேபிளின் நியூட்ரலில் ஓடியது.

அது விழுந்ததற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். இரண்டு லைன்களை உள்ளே எந்த இடத்திலாவது சேர்த்துவிட்டால் வரும் பெரிய ஆபத்து வேறு. ஒரு கேபிளைக் கழற்றிய பிறகும் மற்றதன் மின்சாரம் உள்ளே சுற்றி வந்து, வெளியே தெரியும் இன்லெட்டின் ஊசிகளில் நிற்கலாம். குழந்தை விரல் வைக்கும் உயரம் அது. எனவே ஃபேஸும் நியூட்ரலும் முற்றிலும் தனி. எர்த் மட்டும் வண்டியின் சேஸியோடு சேர வேண்டும். 20 ஆம்ப் லைன் தன் சொந்தப் பிரேக்கர் வழியாகத் தன் சொந்தப் பாயின்ட்டுக்குப் போய் அங்கேயே முடிகிறது. வண்டிக்குள் ஒரு சின்னத் தனிக்குடித்தனம்.

தொழிற்சாலையில் இதை ஏன் வைத்துத் தருவதில்லை என்று கேட்டால், அமெரிக்காவின் நேஷனல் எலெக்ட்ரிக்கல் கோடில் இந்த வண்டிகளுக்கான 551-வது பிரிவு ஒரு வண்டிக்கு ஒரு பிரதான மின் இணைப்பு என்றே கணக்கு வைக்கிறது. அதனால் இந்தக் கூடுதல் லைனை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் காட்டுவதும், இன்ஷூரன்ஸ்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவைப்பதும் நல்லது. நான் நியூட்ரலைத் திருத்திய பிறகு காட்டினேன். முதலிலேயே காட்டியிருந்தால் ஒரு வாரம் மிஞ்சியிருக்கும்.

இப்போது பலன். ரூம் ஹீட்டர் புது லைனுக்குப் போனதும் பழைய லைனில் வெந்நீர் ஹீட்டரும் கன்வர்ட்டருமாக 17 ஆம்ப்தான். வெந்நீர் ஹீட்டரை அணைத்துவிட்டால் தோசைக்கு 15 ஆம்ப் தாராளமாகக் கிடைக்கிறது. கோடையில் நேர்மாறு: 13,500 பிடியு ஏசி பழைய லைனில் 12, 13 ஆம்ப் இழுத்துக்கொண்டு ஓட, இண்டக்‌ஷன் அடுப்பு புது லைனில். ஆனால் ஹீட்டரும் அடுப்பும் இரண்டும் புது லைனில் என்று ஆசைப்பட்டால் 27.5 ஆம்ப், விழும். பேராசைக்கு 20 ஆம்பில் இடமில்லை.

எதிர்பாராத லாபம் ஒன்று. டாலஸில் நண்பர் வீட்டு வாசலில் ட்ரெய்லரை நிறுத்தும்போது, வீட்டின் 15 ஆம்ப் பாயின்ட் ஒன்றில் அடாப்டர் போட்டு பிரதான லைன், வேறு பிரேக்கரில் இருக்கும் இன்னொரு பாயின்ட்டிலிருந்து ஹீட்டர் என்று பிரித்துக்கொள்ள முடிகிறது. பொங்கலுக்குப் போய் அவர் வீட்டு பிரேக்கரை விழவைத்து மானம் போவது நின்றது.

குறைகளும் உண்டு. பழைய கேம்ப்கிரவுண்டுகளில் அந்த 20 ஆம்ப் பாயின்ட் தேய்ந்து தொளதொளவென்று இருக்கும். மழைநாளில் காரணமில்லாமல் விழும். மாதக் கணக்கில் தங்கும் இடங்களில் இரண்டு பாயின்ட்டை எடுக்கலாமா என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். முக்கியமாக, மின்சார ஹீட்டர் உள்ளே நம்மைச் சூடாக்குமே தவிர வண்டியின் வயிற்றிலுள்ள தண்ணீர்த் தொட்டிகளை எட்டாது. பல வண்டிகளில் அங்கே சூட்டை அனுப்புவது கேஸ் ஃபர்னஸ். உறைபனி இரவில் அதை முழுதாக அணைத்தால் காலையில் குழாய் வெடித்திருக்கும். 20 பவுண்ட் சிலிண்டரில் 30,000 பிடியு ஃபர்னஸ் விடாமல் ஓடினால் 14 மணி நேரம் போலத்தான் வரும். ஹீட்டர் துணைக்கு ஓடுவதால் எங்களுக்கு ஒரு சிலிண்டர் இரண்டு, மூன்று இரவுகள் வருகிறது.

இரண்டாவது ஏசி போடும் எண்ணம் இருந்தால் இந்தத் தொகையைச் செலவழிக்காதீர்கள். 50 ஆம்புக்கு மாற்றிவிடுங்கள். 12,000 வாட் கிடைக்கும், செலவும் கேபிளின் எடையும் பல மடங்கு. வருடத்துக்கு இரண்டு முறை வெளியே போகிறவர்கள் சுவரை அறுக்கவே வேண்டாம். கேபிள் நுழையும் சின்னக் கதவு வழியாக ஒரு தடித்த 12 கேஜ் கார்டை நசுங்காமல் விட்டால் போதும். எங்களைப்போல் குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை கிளம்புகிறவர்களுக்கு அந்தக் கதவிடுக்கில் புகும் ஈரமும் எறும்பும் சீக்கிரம் அலுத்துவிடும்.

கிளம்பும் காலையில் இப்போது கழற்ற இரண்டு கேபிள். ஒருமுறை இரண்டாவதை மறந்து வண்டியை நகர்த்தப் போனேன். எதிர் இடத்துக்காரர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். அன்றிலிருந்து 20 ஆம்ப் கேபிளைச் செருகியதும் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டிவிடுகிறாள் மனைவி.