திருத்தமும் வழக்காறும்: ஓர் ஆங்கிலச் சொல்லிணை

அலுவல்முறை ஆங்கிலத்தில் ‘டிஸின்ட்ரஸ்டெட்’ என்பதை ‘ஆர்வமற்ற’ என்னும் பொருளில் ஆள்வது பிழை. ‘நடுநிலையான’ என்பதே அதன் மூலப்பொருள் எனத் திருத்துவோர் கூறுவர். சொல் வரலாறு இதனை மறுக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் அச்சொல் முதலில் ‘ஆர்வமற்ற’ என்னும் பொருளிலேயே வழங்கிற்று. அப்பொருளுக்கென இன்று அவர்கள் ஒதுக்கும் ‘அன்இன்ட்ரஸ்டெட்’ என்பதோ அந்நாளில் நடுநிலையைச் சுட்டிற்று. திருத்துவோர் அகராதியைச் சற்றுப் பின்னோக்கிப் புரட்டியிருக்கலாம். ஆயினும், இவ்வேறுபாட்டையே கைவிடலாம் என்பதும் ஏற்புடையதன்று. அதனைக் காப்பது சொற்பிறப்பன்று, துறைவழக்கு. இந்தியத் தீர்ப்புரைகளில் ‘இன்ட்ரஸ்டெட் விட்னஸ்’ எனப்படுபவர், வழக்கின் முடிவால் பயன்பெறக்கூடிய சாட்சி. இதன் மறுதலையை ‘ஆர்வமற்ற சாட்சி’ எனப் பெயர்த்தால், நம்பத்தக்கவர் அக்கறையற்றவராகிவிடுவார். ‘வழக்கில் தன்னலத் தொடர்பில்லாத சாட்சி’ என்பது நீளமாயினும் பொருந்தும்.